முழுக்காசு

உப்புவெளியில் கார் வைத்திருப்பது
கடனுக்கு மீன் வாங்கி வெயிலில் விடுவது மாதிரி.
பேரிலேயே உப்பு உள்ள ஊர்.
றிம்மில் முதலில் வெள்ளைப் புள்ளி, பிறகு கொப்புளம்,
பிறகு விரலில் ஒட்டும் மாவு.

டொக்யாட் வீதிக் கடைக்காரன் சொன்னான்:
றப்பர் ஸ்பிரே, அக்கா. அடித்தால் கறுப்பு.
வேண்டாமென்றால் நகத்தால் கிளப்பி உரிக்கலாம்,
வெயிலில் எரிந்த தோல் மாதிரி வரும்.
நாலு டின். தவணையில் பாதிக் காசு.
ஏற்கெனவே இரண்டு தவணை பிந்தியிருந்தது.
மூன்றாவது பிந்த
ஒரு காரணமாவது கிடைத்ததே.

ஆறு மணிக்கு, கச்சான் எழும்பு முன்,
சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.
டயரில் படாமல் விளிம்பைச் சுற்றிச் சீட்டுச் செருக வேண்டுமாம்.
புவிதரனின் கட்டு இருந்தது.
முந்நூற்றிநாலுக்கு ஏழிலிருந்துதான் சீட்டு.
இரண்டு முதல் ஆறு வரை இருபது சீட்டு
ஒரு கையும் படாமல் பெட்டிக்குள் புத்தம்புதிதாய்.
பதின்மூன்று அங்குலச் சில்லுக்கு
இருபதும் மட்டுமட்டாய்ப் போதும்.

டின்னை உலுக்கினேன். உள்ளே ஒரு குண்டு
வெளியே விடு, வெளியே விடு என்றது.
முதல் பூச்சு ஒரு தும்மல், அவ்வளவுதான்.
வெள்ளி இன்னும் தெரிய வேண்டும்.
இருபது நிமிடம். தேத்தண்ணி.
இரண்டாவது நனைய. மூன்றாவது இன்னும் நனைய.
இப்படி ஆறு தரம்.
மெல்லிசாய் அடித்தால் உரிக்கும்போது கிழியும் என்று
டின்னின் முதுகில் இருந்தது. வாசித்தேன்.
வாசித்துவிட்டும்
முன்கிறில்லின் வெள்ளிப் பட்டைக்கு ஆசைப்பட்டேன்.
நாலாவது சில்லில், மூன்றாம் பூச்சில்,
டின் வெறும் காற்றை ஊதியது.

ஐந்து கிழமை.
சீனக்குடாவுக்கு நாளுக்கு அறுபது சாப்பாட்டுப் பார்சல்.
கேற்றில் நிற்பவன் கேட்டான், புதுசா அக்கா?
புதுசுதான் என்றேன்.
ஐந்து கிழமையும் அது பொய்யில்லை.

வியாழக்கிழமை வந்தார்கள். ஒரு மோட்டார்சைக்கிள், இரண்டு பேர்.
ஒருவரிடம் கடதாசி. மற்றவன் கந்தளாய்ப் பொடியன், திலங்க.
உங்கட சாமான் இருந்தா எடுங்க, பத்து நிமிசம்.
குடை எடுத்தேன். பார்சல் கூடை எடுத்தேன்.
கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த பிள்ளையாரை எடுத்தேன்.
பிறகு முன்சில்லருகே குந்தி
விளிம்பில் நகத்தை வைத்தேன்.

என்ன செய்யுற அக்கா?

இந்தக் காரில் முழுக்காசு கொடுத்து வாங்கினது
இது ஒன்றுதான்.
தரமாட்டேன்.

கடதாசிக்காரர் கடதாசியைத் திருப்பிப் பார்த்தார்.
தோலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லைப்போல.

கழன்றது. ஈரச்சேலை கிழிகிற சத்தத்தோடு,
ஐந்து விரலும் கெடாத கையுறையாய்
ஒரு முழுச் சில்லு.
இரண்டாவதும். மூன்றாவதும்.
நாலாவது வரவில்லை.
பொட்டுப் பொட்டாய் வந்தது, நகத்துக்குள் போனது.
பத்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது.
திலங்க ஹெல்மெற்றை மதிலில் வைத்துவிட்டு
எதிர்ப்பக்கம் குந்தினான்.
எனக்கு நகம் பெருசு, என்றான்.
கிழிந்து வந்த ஒவ்வொன்றையும்
மிச்சக்காசு எண்ணித் தருகிறவன் மாதிரி
என் உள்ளங்கையில் வைத்தான்.

கார் வெள்ளிச் சில்லோடு போனது.
ஒரு நட்டைச் சுற்றிக் கொஞ்சம் கறுப்பு விடுபட்டிருந்தது.
அது போகட்டும்.
கிறில் பட்டை நினைவுக்கு வந்தபோது
அவர்கள் சந்தி திரும்பிவிட்டார்கள்.

பின்னேரம் புவிதரன் கொடியில் தொங்கிய மூன்றையும் பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
விளிம்பு கறுத்த இருபது சீட்டையும் பெட்டியில் போட்டு மூடினான்.

நாளைக்கும் அறுபது பார்சல்.
இம்தியாஸின் ஓட்டோ என்றால் இரண்டு நடை.
எடுத்துக் கேட்டேன். வாறன் என்றான். பிறகு,
சில்லெல்லாம் உப்புப் பிடிக்குது அக்கா,
அந்த ஸ்பிரே ஏதும் மிச்சமிருக்கா?

டின்னை உலுக்கிப் பார்த்தேன்.
குண்டு மட்டும்.